த்ரீ நாட் த்ரீ வாங்கும் முன்: லீ-என்ஃபீல்ட் வகைகளில் எதை எடுப்பது?

நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு ‘த்ரீ நாட் த்ரீ’ என்றதும், கருவூல வாசலில் காவலுக்கு நிற்கும் போலீஸ்காரரின் தோளில் தொங்கும் அந்தக் கனத்த கட்டைத் துப்பாக்கிதான் கண்ணில் வரும். கல்லூரியில் என்.சி.சி. முகாமில் நாங்கள் சுட்டது அதன் குட்டித் தம்பியான .22. பெரியதைத் தோளில் வைத்து டிரில் செய்ததோடு சரி. கனடா வந்து பல வருஷம் கழித்து, ஒன்டாரியோவில் ஒரு சுடுதளத்தில் பக்கத்து மேசைக்காரர் பையைத் திறந்து அதே துப்பாக்கியை வெளியே எடுத்தார். வெளியூரில் சொந்த ஊர்க்காரரைப் பார்த்தது போல இருந்தது. அதன் சரியான பெயர் லீ-என்ஃபீல்ட். ‘த்ரீ நாட் த்ரீ’ என்பது .303 என்ற அதன் தோட்டா அளவு.

அதிலிருந்து பிடித்த பைத்தியம் இது. இன்றைக்கு என் இரும்பு அலமாரியில் மூன்று இருக்கின்றன. ஒன்றை ஏமாந்து வாங்கினேன், அந்தக் கதை பின்னால் வரும். கனடாவில் புதிதாகச் சுடப் பழகுபவர்கள், முதல் லீ-என்ஃபீல்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதியவர் என்றால் நம்பர் 4 வாங்குங்கள். நம்பர் என்பது மாடல், மார்க் என்பது அந்த மாடலுக்குள் வந்த திருத்தம். எந்த மார்க், எந்தத் தொழிற்சாலை என்பதெல்லாம் இரண்டாம் கேள்வி. ஆனால் குழல் தேய்ந்த நம்பர் 4-ஐவிட, குழல் நன்றாக இருக்கும் நம்பர் 1 எவ்வளவோ மேல்.

முதலில் லைசென்ஸ்

கனடாவில் இது எந்தத் தனிக் கட்டுப்பாடும் இல்லாத வகைக்குள் வருகிற, கையால் போல்ட் (குழலின் பின்வாயைத் திறந்து மூடும் இரும்புத் தண்டு) இழுத்துச் சுடும் ரைபிள். அதற்கும் லைசென்ஸ் வேண்டும். 18 வயது ஆகியிருக்க வேண்டும். துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து, எழுத்துத் தேர்விலும் கையாளும் தேர்விலும் 80 சதவீதம் எடுக்க வேண்டும். முதல் முறை விண்ணப்பிப்பவர்களுக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. நடைமுறையில் அதைவிட நீளும், பொறுமையாக இருங்கள். வகுப்பில் கற்பிப்பது உங்களுக்குத் தெரிந்த விஷயமாகத் தோன்றினாலும் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். ‘ஊரில் என்.சி.சி.யில் சுட்டிருக்கிறேன்’ என்று நான் ஆரம்பித்தபோது பயிற்றுநர் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: .303 அங்கே தனிநபர்களுக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். அதனால்தான் வங்காளத்தின் இஷாபூர் துப்பாக்கித் தொழிற்சாலை இதே அமைப்பை வைத்து .315 என்ற தோட்டாவுக்கான ரைபிளைச் செய்து லைசென்ஸ்காரர்களுக்கு விற்றது. ஊரில் மிராசுதார் வீட்டுச் சுவரில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். தோட்டா மட்டும் வேறு.

ஒரே குடும்பம், நான்கு பிள்ளைகள்

இந்தத் துப்பாக்கியின் மூளை ஜேம்ஸ் பாரிஸ் லீ. 1831-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, சிறு பையனாக இருக்கும்போதே ஒன்டாரியோவின் கால்ட் ஊருக்கு வந்தவர். இன்றைய கேம்பிரிட்ஜ் நகரத்துக்குள் அந்த ஊர் அடங்கிவிட்டது. அவர் யோசித்த போல்டும், தோட்டாக்களை வைத்துக் கீழே மாட்டும் பெட்டியான மேகசினும், என்ஃபீல்ட் தொழிற்சாலையின் குழலோடு 1895-இல் சேர்ந்தன. லீ-என்ஃபீல்ட் என்ற பெயர் அப்படி வந்தது. அதன் பிறகு வந்தவை நிறைய. புதியவர் சந்தையில் பார்க்கப் போவது பெரும்பாலும் நான்குதான்: நம்பர் 1 மார்க் 3, நம்பர் 4, நம்பர் 5, இஷாபூர் 2ஏ1.

நான்கிலும் பொதுவானதைச் சொல்லிவிடுகிறேன். போல்ட் பின்பக்கத்தில் பூட்டிக்கொள்ளும். கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினாலே திறந்துவிடும். உள்ளே இருக்கும் ஊசியின் வில், போல்டை முன்னால் தள்ளி மூடும்போதுதான் இறுகும். ஆகவே மூடும் கடைசி ஓர் அங்குலத்தில் கை கொஞ்சம் கனமாக உணரும். புதியவர்கள் அங்கே தயங்கி நிறுத்துவார்கள். நிறுத்தாமல் ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். முதல் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் படைவீரன் ஒரே நிமிடத்தில் 300 கஜத்தில் 15 முறை இலக்கில் அடிக்கப் பழகியது இந்த போல்டில்தான். .303 வகைகளில் மேகசின் 10 தோட்டா கொள்ளும். விசை இரண்டு கட்டமாக வரும்: முதலில் லேசாக இழுபட்டு ஓரிடத்தில் நிற்கும், அதற்கு மேல் அழுத்தினால்தான் வெடிக்கும். இடது பின்பக்கம் உள்ள சின்ன நெம்பு பாதுகாப்புப் பூட்டு. பின்னால் தள்ளினால் பூட்டு, முன்னால் தள்ளினால் சுடத் தயார்.

நம்பர் 1 மார்க் 3: அழகி, ஆனால் கண்ணைக் கேட்பாள்

1907-இல் வந்தது. மூக்குப் பகுதியில் தட்டையான இரும்புத் தொப்பி, குழல் முனை வரைக்கும் மரம். நம் ஊர் போலீஸ் சுமந்த துப்பாக்கி இதுதான். போரின் அவசரத்தில் தயாரிப்பைச் சுலபமாக்க, நெடுந்தூரத்துக்கான பக்கவாட்டுக் குறியையும், மேகசினை மூடிவைக்கும் தகட்டையும் எடுத்துவிட்டு நட்சத்திரக் குறி போட்ட மார்க் 3 வந்தது. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இந்த நட்சத்திரம்தான். நட்சத்திரம் இல்லாதது சேகரிப்பாளர்களுக்கு. சுடுவதற்கு இரண்டும் ஒன்றே.

பிரச்சினை குறி பார்ப்பதில் வருகிறது. பின்குறி குழலின் மேல், கண்ணுக்கு வெகு தூரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன வெட்டு. அந்த வெட்டு, முன்குறி, இலக்கு மூன்றையும் கண் மாறி மாறித் தெளிவாகப் பார்க்க வேண்டும். இருபது வயதில் சுலபம். நாற்பதைத் தாண்டி, செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தவர்களுக்கு அந்த வெட்டு பஞ்சு மாதிரி மங்கிப்போகும். எனக்குப் போய்விட்டது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளியும் குறைவு, சுமார் 19 அங்குலம்தான். இடைவெளி குறைந்தால் சிறு பிசகும் இலக்கில் பெரிதாகத் தெரியும்.

இங்கிலாந்தில் என்ஃபீல்டும் பி.எஸ்.ஏ. நிறுவனமும், ஆஸ்திரேலியாவில் லித்கோவும், வங்காளத்தில் இஷாபூரும் இதைச் செய்தன. இஷாபூர்த் துப்பாக்கிகளில் சுதந்திரத்துக்கு முந்தையவற்றில் கிரீடம் இருக்கும், பிந்தையவற்றில் சிங்கத் தலை இருக்கும். பலவற்றின் முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகு ஓடும், இரும்புப் பாகங்களில் கறுப்புப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். அழகு குறைவு, உழைப்பு நன்றாகவே இருக்கும். தபால் பை போல எங்கெங்கோ அலைந்து வந்தவை.

நம்பர் 4: ஏன் இதைச் சொல்கிறேன்

இரண்டாம் உலகப் போருக்காக, வேகமாகச் செய்யும்படி வடிவமைத்தது. குழல் நீளம் நம்பர் 1-க்கு உள்ளதேதான், 25.2 அங்குலம். குழல் சுவர் கொஞ்சம் தடிமன், போல்ட் ஓடும் இரும்பு உடம்பு கொஞ்சம் உறுதி, எடை 4 கிலோவுக்குச் சற்று மேலே. பெரிய மாற்றம் பின்குறிதான். அதைக் குழலில் இருந்து எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில், போல்டுக்கு மேலே வைத்துவிட்டார்கள். இப்போது அது வெட்டு இல்லை, ஒரு ஓட்டை. ஓட்டை வழியாகப் பாருங்கள். முன்குறியை இலக்கில் வையுங்கள். நடுவில் வைக்கிற வேலையைக் கண் தானாகச் செய்துகொள்ளும். குறிகளின் இடைவெளி சுமார் 29 அங்குலமாகிவிடுகிறது. புதியவரை முதலில் நம்பர் 1-இல் 5 தோட்டா, அப்புறம் நம்பர் 4-இல் 5 தோட்டா சுடவைத்தால், காகிதத்தைக் கொண்டுவந்து காட்டும்போது வேறு விளக்கம் தேவைப்படாது.

பின்குறியிலேயே இரண்டு சாதி உண்டு. ஒன்று, திருகைச் சுற்றிச் சுற்றி 200 கஜத்தில் இருந்து 1300 கஜம் வரை ஏற்றிக்கொள்ளும் நுட்பமான குறி. மற்றது, போர்க்காலச் சிக்கனத்தில் வந்த எல் வடிவத் தகடு. மடித்தால் 300 கஜம், நிமிர்த்தினால் 600 கஜம், அவ்வளவே. தகடு இருந்தால் கவலை வேண்டாம், திருகுக் குறியைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். ஆனால் 300 கஜத்துக்கு வைத்த குறியோடு 100 கஜத்தில் சுட்டால் தோட்டா சில அங்குலம் மேலே போய் அடிக்கும். ‘துப்பாக்கி சரியில்லை’ என்று முதல் நாள் புலம்புபவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.

மார்க் விவகாரம் இப்படி. மார்க் 1-இல் போல்டைக் கழற்ற ஒரு சின்னக் கொக்கியை அழுத்த வேண்டும். நட்சத்திரக் குறி போட்ட மார்க் 1-இல் அந்தக் கொக்கியைத் தவிர்த்து, போல்டின் தலை ஓடும் தண்டவாளத்தில் ஒரு வெட்டு மட்டும் போட்டார்கள். இதைச் செய்தவை இரண்டு: டொரான்டோ பக்கத்து லாங் பிராஞ்ச் தொழிற்சாலையும் அமெரிக்காவின் சாவேஜும். லாங் பிராஞ்ச் 9 லட்சத்துக்கும் மேல் செய்தது, சாவேஜ் 10 லட்சத்துக்கும் மேல். கனடாவில் அதிகம் கையில் கிடைப்பது லாங் பிராஞ்ச்தான். நல்ல வேலைப்பாடு. மிசிசாகாவில் லேக்ஷோர் சாலையில் போனால் அந்தத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கட்டடம் இன்னும் நிற்கிறது. உள்ளே இப்போது கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. சாவேஜில் ‘அமெரிக்க அரசின் சொத்து’ என்று முத்திரை இருக்கும். போரில் அமெரிக்கா பிரிட்டனுக்கு ஆயுதம் கொடுத்து உதவிய ‘கடன் குத்தகை’ ஏற்பாட்டில் போன சரக்கு என்பதற்கான அடையாளம் அது, திருட்டுப் பொருள் என்று பயப்பட வேண்டாம்.

நட்சத்திர மார்க்கில் ஒரே ஒரு பலவீனம் உண்டு. அந்த வெட்டின் ஓரம் தேய்ந்தோ சில்லு பெயர்ந்தோ போனால், வேகமாகச் சுடும்போது போல்டின் தலை தண்டவாளத்தில் இருந்து குதித்து வெளியே வந்துவிடும். வாங்கும்போது விரல் நகத்தை அந்த வெட்டின் ஓரத்தில் ஓட்டிப் பாருங்கள். கூர்மையாக, நேராக இருக்க வேண்டும்.

மார்க் 2 போருக்குப் பிந்தையது. முந்தைய மார்க்குகளில் விசை, அடியில் உள்ள இரும்புக் காப்பு வளையத்தில் தொங்கும். மரம் ஈரத்தில் ஊதினாலும் வெயிலில் சுருங்கினாலும் விசையின் இழுப்பு மாறும். மார்க் 2-இல் அதை நேராகத் துப்பாக்கியின் உடம்பிலேயே பொருத்தினார்கள். பழையவற்றையும் அதே மாதிரி மாற்றி 1/2, 1/3 என்று எண் போட்டார்கள். குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடி மரம் காய்ந்து கிடக்கும் கனடா வீடுகளில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். விலை ஒன்றாக இருந்தால் மார்க் 2. விலை ஏறினால் விட்டுவிடுங்கள். அதற்காகக் கடன் வாங்கும் அளவுக்கு ஒன்றும் இல்லை.

கனடாவின் வடகோடியில் பனிப்பிரதேசக் காவல் பார்க்கும் ரேஞ்சர்கள் 1940-களின் இறுதியில் இருந்து 2018 வாக்கில் புது ரைபிள் வரும்வரை நம்பர் 4-ஐத்தான் சுமந்தார்கள். கைகள் உறையும் குளிரில், கரடி நடமாடும் இடத்தில், எழுபது வருஷம். இதற்கு மேல் சான்றிதழ் வேண்டியதில்லை.

நம்பர் 5: ஏமாந்த கதை

‘ஜங்கிள் கார்பைன்’ என்று செல்லப் பெயர். நம்பர் 4-ஐக் குட்டையாக்கி, முனையில் புனல் மாதிரி ஒரு தீமறைப்பு, பின்கட்டையில் ரப்பர். எடை சுமார் 3.2 கிலோ. 1944-இல் தொடங்கி 1947-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். சுமார் இரண்டரை லட்சம்தான் செய்தார்கள். குறியைச் சரிசெய்து வைத்தாலும் அது நகர்ந்துகொண்டே போகிறது என்று படைவீரர்கள் புகார் சொன்ன துப்பாக்கி.

பார்த்தால் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஒரு கடையில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்து, அன்றே பணம் கட்டி வாங்கி வந்தேன். ஒரு வாரம் கழித்து, கிளப்பில் இருக்கும் ஒரு பெரியவர் மேல்மரத்தைக் கழற்றச் சொன்னார். குழலின் அடிப்பகுதியைப் பார்த்தார், சிரித்தார். அசல் நம்பர் 5-இல் எடை குறைப்பதற்காகக் குழலின் தடித்த அடிப்பகுதியில் இரும்பைச் சுரண்டிக் குழி எடுத்திருப்பார்கள். உடம்பின் பக்கவாட்டிலும் அப்படித்தான். என்னுடையதில் எல்லாம் முழுசாக, கொழுகொழுவென்று இருந்தது. யாரோ நம்பர் 4-ஐ ரம்பத்தால் அறுத்து, முனையில் புனலை ஒட்டி விற்றிருக்கிறார்கள். கடைக்காரர் ‘நம்பர் 5 என்று ரசீதில் எழுதவில்லையே’ என்றார். உண்மைதான், எழுதவில்லை.

அசலே கிடைத்தாலும் முதல் துப்பாக்கியாக வேண்டாம். எடை குறைந்ததால் உதை அதிகம். அந்த ரப்பர், பின்கட்டையைவிட ஒடுக்கம், அதுவும் எண்பது வருஷத்தில் கல்லாகிவிட்டது. உதை முழுவதும் தோளின் ஒரே புள்ளியில் இறங்கும். சத்தமும் தீயும் பக்கத்து மேசைக்காரரைத் திரும்பிப் பார்க்கவைக்கும். இருபது தோட்டாவுக்கு மேல் நான் சுட்டதில்லை.

இஷாபூர் 2ஏ1

இதை லீ-என்ஃபீல்ட் குடும்பத்தின் கடைக்குட்டி என்று சொல்லலாம். 1960-களில், சீனாவுடனான போருக்குப் பிறகு, .303 இல்லாமல் 7.62 நேட்டோ (நேட்டோ நாடுகளின் பொதுவான ராணுவத் தோட்டா) தோட்டாவுக்காக இஷாபூரில் செய்தது. உருவம் நம்பர் 1. இரும்பு மேம்படுத்தியது. மேகசின் சதுரமாக, பெட்டி மாதிரி இருக்கும், கண்ணில் பட்டதும் அடையாளம் தெரியும். பின்குறி 800 மீட்டர் வரைதான். தோட்டா சுலபமாகக் கிடைப்பது பெரிய வசதி. ஆனால் கடையில் ‘.308’ என்று பெட்டியில் போட்டு விற்கும், கிட்டத்தட்ட அதே உருவமுள்ள வேட்டைத் தோட்டாக்களில் சில நன்றாக அழுத்தம் ஏற்றியவை. இதில் அவற்றைச் சுடலாமா கூடாதா என்று பெரிய வாக்குவாதமே உண்டு. நான் வாக்குவாதத்துக்குள் போவதில்லை, ராணுவ ரக 7.62 தவிர வேறு எதுவும் போடுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. யாரோ .303 நம்பர் 1-ஐ 7.62-க்கு மாற்றி விற்றால் தொடாதீர்கள். அந்த இரும்பு அதற்கானது இல்லை.

கடையில் கையில் வாங்கியதும்

மேகசினைக் கழற்றி, போல்டைத் திறந்து, காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். கடைக்காரர் பார்த்துவிட்டுத் தந்தாலும் நீங்களும் பாருங்கள். இது சந்தேகப்படுவது ஆகாது, மரியாதை.

அப்புறம் போல்டைக் கழற்றி, குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். உள்ளே சுருள் சுருளாக ஓடும் வரிகள் முனை வரை கூர்மையாகத் தெரிய வேண்டும். கறுத்திருந்தால் பரவாயில்லை, சுத்தம் செய்தால் பல சமயம் வெளுத்துவிடும். பள்ளம் பள்ளமாக அரித்திருந்தால் யோசியுங்கள். போர்க்கால நம்பர் 4-களில் ஐந்து வரிக்குப் பதில் இரண்டே வரி இருக்கலாம். அது குறை இல்லை, நன்றாகவே சுடும். குழல் முனையைத் தனியாகக் கவனியுங்கள். பழைய படைவீரர்கள் கயிறு விட்டு இழுத்துச் சுத்தம் செய்வார்கள். கிணற்றுக் கல்லில் கயிறு பட்ட தடம் போல, அந்தக் கயிறு முனையை ஒரு பக்கமாக அறுத்திருக்கும். வட்டம் முட்டையாகியிருந்தால் குறி தப்பும்.

போல்டின் கைப்பிடியில் உள்ள எண்ணும் உடம்பில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். வேறாக இருந்தால் கட்டாயம் ஹெட்ஸ்பேஸ் அளந்தாக வேண்டும். ஒன்றாக இருந்தாலும் அளப்பது நல்லது. .303 தோட்டாவின் பின்புறம் ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். போல்டின் முகத்துக்கும், அந்த விளிம்பு போய் உட்காரும் இடத்துக்கும் இடையே உள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். 0.064 அங்குலத்தில் இருந்து 0.074 அங்குலம் வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் வெடிக்கும்போது பித்தளைக் கூடு பின்னால் நீண்டு கிழியும். துப்பாக்கி மெக்கானிக்குகளிடம் இதற்கான அளவுக் கட்டைகள் இருக்கும், ஐந்து நிமிட வேலை. நம்பர் 4-இல் போல்டின் தலைகள் 0, 1, 2, 3 என்று எண் போட்டு நீளம் கூடக்கூட வரும். இடைவெளி கூடியிருந்தால் அடுத்த எண் தலையை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். நம்பர் 1-இல் இந்த வசதி இல்லை.

மரத்தை மறக்காதீர்கள். முன்கட்டை, விசைக்கு மேலே உடம்போடு முட்டும் இடத்தில் எண்ணெய் ஊறிக் கறுத்து, பூப்போல் நைந்திருந்தால் அங்கேதான் குறி கெடும். நம்பர் 4-இன் குழல் முனைக்கருகே மரம் குழலை லேசாக மேல்நோக்கித் தாங்கிப் பிடிக்க வேண்டும். முனையைக் கட்டைவிரலால் மேலே தூக்கிப் பாருங்கள். கொஞ்சம் எதிர்ப்புக்குப் பிறகு விலகி, விட்டதும் திரும்ப உட்கார்ந்தால் நல்லது. கடகடவென்று ஆடினால் முன்கட்டை வேலை கேட்கிறது என்று அர்த்தம்.

பின்கட்டையின் மேல்பக்கம், இரும்புத் தகட்டுக்குக் கொஞ்சம் முன்னால், எல், எஸ், பி என்று ஓர் ஆங்கில எழுத்து இருக்கலாம். நீளம், குட்டை, மிகக் குட்டை. எழுத்தே இல்லை என்றால் சாதாரண அளவு. நம்மில் பலருக்கு எஸ் பொருந்தும். என் அளவு அதுதான். கை நீட்டி எட்டிப் பிடிக்காமல் கன்னம் இயல்பாக மரத்தில் படிய வேண்டும். மாற்றுவதானால் ஒரு விஷயம்: நம்பர் 1-இல் முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டையின் நீளத் திருகைத் திருகாதீர்கள். அந்தத் திருகின் சதுர நுனி முன்கட்டைக்குள் பதிந்திருக்கும். திருகினால் மரம் ‘டக்’கென்று பிளக்கும்.

எங்காவது ‘டி.பி.’ என்று பொறித்திருந்தால் அது டிரில் மட்டும் செய்வதற்கானது, சுடக்கூடாது. முன்கட்டையைச் சுற்றிக் கம்பி இறுக்கிக் கட்டியிருந்தால் கையெறி குண்டு ஏவப் பயன்படுத்தியது, அதையும் விட்டுவிடுங்கள்.

போருக்குப் பின் லட்சக்கணக்கில் மலிவாக வந்த இவற்றை, மான் வேட்டைக்காரர்கள் மரத்தை அறுத்து இலகுவாக்கிக்கொண்டார்கள். சேகரிப்பாளர்கள் அவற்றைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். நீங்கள் சுளிக்க வேண்டாம். குழல் முழு நீளத்தில் இருந்து, குறிகளும் இருந்தால், குறைந்த விலையில் சுடப் பழக அதைவிட நல்லது இல்லை.

தோட்டா

புதிதாகத் தயாரித்த, துருப்பிடிக்கவைக்காத தோட்டாவையே வாங்குங்கள். செர்பியாவின் பிரவி பார்ட்டிசான், செக் நாட்டின் செல்லியர் அண்ட் பெல்லோ இரண்டும் .303 செய்கின்றன. காலிக் கூட்டைச் சேர்த்துவையுங்கள், பிறகு மறுபடி நிரப்பலாம். போல்ட் பின்னால் பூட்டுவதால் கூடு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீளும், நாலைந்து தடவைக்கு மேல் அதை நம்ப முடியாது.

பழைய ராணுவத் தோட்டா மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒருமுறை வாங்கினேன். விசையை அழுத்தினேன், ‘டிக்’. ஒன்றும் இல்லை. போல்டைத் திறக்கக் கை போனது. அதற்குள் ‘டமார்’. அரை நொடிதான் இருக்கும். கை இன்னும் கொஞ்சம் வேகமாகப் போயிருந்தால்? அன்றில் இருந்து, வெடிக்காவிட்டால் குழலை இலக்குப் பக்கமே வைத்து முப்பது எண்ணுவேன். மீதிப் பெட்டியைச் சுடவே இல்லை.

முதல் நாள்

காதடைப்பு, கண்ணாடி, சுடுதளப் பொறுப்பாளரின் சொல். இவை இல்லாமல் எதுவும் இல்லை.

தோட்டாவை மேகசினில் வைக்கும்போது விளிம்பில் கவனம். மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் மேல் தோட்டாவைத் தள்ளும்போது அது கீழ் தோட்டாவின் விளிம்பில் மாட்டி அப்படியே நின்றுவிடும். ஐந்து தோட்டாக்களைத் தகட்டில் செருகி மேலிருந்து அழுத்தும் முறையில், தகட்டுக்குள் விளிம்புகள் கீழ், மேல், கீழ், மேல், கீழ் என்று அடுக்கியிருக்க வேண்டும். அப்படி அடுக்கினால் தகட்டின் எந்த முனையைச் செருகினாலும் சரியாக இறங்கும். முதல் நாள் இதையெல்லாம் செய்யாமல் ஒன்றொன்றாகப் போட்டுச் சுடுங்கள். இந்த சிக்கல் 2ஏ1-இல் இல்லை, அந்தத் தோட்டாவுக்கு நீட்டிய விளிம்பே கிடையாது.

50 கஜத்தில் ஆரம்பியுங்கள். பையின் மேல் முன்கட்டையை வையுங்கள், குழலை வைக்காதீர்கள். ஐந்து தோட்டா சுட்டுவிட்டுக் காகிதத்தைப் பாருங்கள். எங்கே அடித்தது என்பதை விட்டுவிட்டு, ஐந்தும் பக்கம் பக்கமாக அடித்தனவா என்று மட்டும் பாருங்கள். கூட்டமாக இருந்தால் துப்பாக்கியும் நீங்களும் சரி. குறியை நகர்த்துவது அப்புறம். இடவல நகர்த்தலுக்கு முன்குறியைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும், உயரத்துக்கு வேறு உயரமுள்ள முன்குறி மாட்ட வேண்டும். இரண்டுக்கும் கிளப்பில் யாரிடமாவது கருவி இருக்கும். என் லாங் பிராஞ்ச் 100 கஜத்தில் ஐந்தையும் உள்ளங்கைக்குள் போடும். எண்பது வயதுத் துப்பாக்கிக்கு அதற்கு மேல் நான் கேட்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும்

புதுத் தோட்டா மட்டும் சுட்டிருந்தால் சாதாரணச் சுத்தம் போதும். பழைய ராணுவத் தோட்டா ஒன்றே ஒன்று சுட்டிருந்தாலும் அன்றைக்கே வெந்நீர். அந்தத் தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்து எரிந்ததும் குழலுக்குள் உப்பு படிகிறது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதுபோல அது காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் போகாது, உப்பு எண்ணெயில் கரையாது. தண்ணீரில்தான் கரையும். போல்டைக் கழற்றி, பின்புறமாகப் புனல் வைத்து, கொதிக்கக் கொதிக்க ஒரு கெட்டில் தண்ணீர் ஊற்றுங்கள். இரும்பு சூடாவதால் ஈரம் தானாகக் காயும். போல்டின் முகத்தையும் அதே வெந்நீரில் கழுவிவிட்டு, காய்ந்த பிறகு எண்ணெய். என் வீட்டில் கெட்டில் சத்தம் கேட்டால், ‘என்னங்க, காபியா, துப்பாக்கியா?’ என்ற கேள்வி வரும். இப்போது தனிக் கெட்டில் வாங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் ஒரு வெள்ளைத் துணியைக் குழலில் விட்டு இழுத்துப் பாருங்கள். வெள்ளையாக வந்தால் விசைப் பூட்டைப் போட்டு அலமாரியில் வையுங்கள். பழுப்பாக வந்தால் மறுபடி கெட்டிலை அடுப்பில் ஏற்றுங்கள்.